படம் எடுத்தாச்சா?

வீடியோ கேசட்டின் ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு, தொங்கிப்போன நாடாவை உள்ளே சுற்றியவர்கள் கையைத் தூக்குங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் நடுவில் வந்து, "ரிவைண்ட்னா என்னா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்கக் கூடாது.

மலைமேல் பிரிஞ்சாங் டவுனில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். புதிதாக எது வந்தாலும் பெட்டியைப் பிரித்து முதலில் மோந்து பார்ப்பவள் நான்தான். அந்தப் புது பிளாஸ்டிக் வாசனைக்கு ஈடாக எனக்கு ஒரு மல்லிகையும் கிடையாது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேம் ஆடுவேன். என் பிள்ளைகளைவிடச் சின்னதுகளிடம் தினமும் சுடுபட்டுச் சாகிறேன். "இந்த வயசுல உனக்கு இது தேவையாலா?" என்கிறார் என் வீட்டுக்காரர். தேவைதான். நாளைக்கு மூக்குக் கண்ணாடிக்குள்ளேயே படம் ஓடுமாம், அதையும் வாங்கத்தான் போகிறேன்.

கடைக்கு வரும் நம் வயதுக்காரர்கள் திரை உடைந்த கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்கள். "இதெல்லாம் இல்லாத காலத்துல நாம நிம்மதியா இருந்தோம், இல்லையா?" அப்போதுதான் எனக்குச் சுருக்கென்று வரும். எல்லோரும் நிம்மதியாக இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. ஒரு மெஷினும் ஒரு சொல்லும் சேர்ந்து எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்ட மழைக்காலம் ஒன்று உண்டு. அதை இதுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் கேட்பவர்கள் முதலில் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது.

அப்போது நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்களுடையது கடைசி வீடு. அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை காய வைக்கும் மெஷின் பக்கம் வேலை. அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போவாள். தம்பி பால் குடிக்கிற பிள்ளை. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்த மாமா, அம்மாவின் தம்பி, அந்த வருடம் லீவில் வந்தபோது இரண்டு சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று வீடியோ டெக். இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஜப்பான் கேம்.

டெக் என்றால் இந்தக் காலத்து மெல்லிய சாமான் இல்லை, ஒரு ஆள் தூக்கினால் மூச்சு வாங்கும். பொத்தானை அமுக்கினால் மேல்பக்கம் கடக்கென்று வாய் எழும்பும். கேசட்டைச் செருகிக் கையால் அழுத்தி மூட வேண்டும். உள்ளே என்னென்னவோ சுற்றி, இழுத்து, முனகி, அதன் பிறகுதான் எங்கள் பழைய டிவிப் பெட்டியில் வெளிச்சம் வரும். முதல் நாள் அப்பா அதன் முன்னால் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். தொடுவதற்குக்கூட வெட்கம் அவருக்கு.

தொழிற்சாலை ஜெனரேட்டரிலிருந்து லயத்துக்கு மாலையில்தான் கரண்ட் விடுவார்கள். ஞாயிறு மாலையானால் எங்கள் வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே இடம் போதாமல் ஜன்னலிலும் தலைகள். அப்பாவின் பெயரே மாறிப்போனது, எல்லோருக்கும் அவர் வீடியோக்காரர். தொழிற்சாலையில் அவரை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. வீடியோக்காரரை மதித்தார்கள். அந்த மரியாதை அவர் நடையையே மாற்றிவிட்டது.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள், இதில்தான் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் அப்பா ஏதாவது ஒரு காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார். டவுன் என்றால் எங்களுக்குப் பிரிஞ்சாங். அங்கே பாய் கடையில் முன்பக்கம் ரொட்டிச் சானாய், பின்பக்கம் பலகை அடித்த அறையில் வாடகைக் கேசட். அங்கிருந்து கேசட் கொண்டுவருவதற்கு எங்கள் தோட்டத்தில் 'படம் எடுக்கிறது' என்று பேர். போட்டோ என்றால் 'பிடிப்போம்'. படம் என்றால் 'எடுப்போம்'. சின்னப் பிள்ளைகூடத் தப்பாகச் சொல்லாது.

கேசட்டெல்லாம் காப்பிக்குக் காப்பி எடுத்தவை. திரையில் புள்ளியும் கோடுமாக மழை பெய்யும். கதாநாயகிக்கு இரண்டு மூக்கு தெரியும். அதனால் கதை என்ன, நடித்தவர் யார் என்பதற்கெல்லாம் முன்னால் லயத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, "படம் கிளியரா?"

எங்கள் மலையில் குளிரும் பனியும் உங்களுக்குத் தெரியும். அந்த டெக்கில் ஒரு சின்ன விளக்கு உண்டு. உள்ளே ஈரம் படிந்தால் அது சிவப்பாக எரியும், மெஷின் ஓடாது. அப்பாவுக்கு அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டால் குலை நடுங்கும். அதனால் எங்கள் வீட்டில் இருந்த ஒரே தடித்த கம்பளியை எடுத்து டெக்குக்குப் போர்த்தி, அதை அடுப்படிச் சுவரோரம் வைத்தார். கதகதப்பான இடம் அது ஒன்றுதான். முன்பு அங்கே அம்மாவும் தம்பியும் படுப்பார்கள். அவர்கள் முன் அறைக்கு மாறினார்கள். இதை யாரும் ஒரு தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, டெக் நன்றாக இருந்தால் சரி என்றுதான் இருந்தேன்.

அப்பாவுக்குச் சமமான படப் பைத்தியம் தோட்டத்தில் இன்னொருவர் இருந்தார், டிரஸர். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. காயத்துக்குக் கட்டுப் போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, பிள்ளைப்பேறு, எல்லாம் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்காலியும் அவருக்குத்தான். டெக்கின் உள்பக்கம் துடைக்க ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார். பதிலுக்கு அவர் கேட்கும் படத்தை அப்பா எடுத்துவர வேண்டும். இந்த வாரம் சண்டைப் படம் எடு, அழுகாச்சி வேண்டாம் என்று கங்காணியிடம் சொல்லி அனுப்புவார். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் கங்காணி அதை அப்பாவிடம் சொல்வார். கங்காணி ஒரு சேதியை வாங்கினால் பாதியை வழியிலேயே தின்றுவிட்டு மீதியைக் கொடுக்கிற மனிதர். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கேமைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பல் நிறத் திரையில் ஒரு குட்டி மனிதன் இடதும் வலதும் ஓடி, மேலேயிருந்து விழும் முட்டைகளைக் கூடையில் பிடிப்பான். விட்டுவிட்டால் முட்டை உடையும், கீக்கென்று ஒரு சத்தம் வரும். மாமா எனக்கென்று கொண்டுவந்தது அது. ஆனால் எங்கள் வீட்டில் அதை ஆளத் தெரிந்தவள் அம்மா ஒருத்திதான். கொழுந்து எடுத்த விரல்கள் இல்லையா, கண் பார்ப்பதற்கு முன்னால் விரல் போய்விடும். தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒரு கையால் ஆடுவாள். நான் பிடுங்கப் போனால், "இருடி, இந்தாளு சாகட்டும், தர்றேன்" என்பாள். அந்தாள் சாகவே மாட்டான்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டபோது அம்மாவுக்கு இருமல் வந்தது. அந்தக் குளிரில் இருமாதவர் யார்? முதலில் மருந்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு வேலைக்குப் போன வழியில் பாதியில் திரும்பி வந்தாள். பிறகு சேலை இடுப்பில் நிற்காமல் இறங்க ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரஸரிடம் போய் அதே சிவப்பு மருந்தை வாங்கி வருவாள். படம் ஓடும்போது கூட்டத்தோடு உட்காராமல் அடுப்படி வாசற்படியில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தம்பிக்குப் பால் கொடுக்கும்போதும் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்வாள். கூட்டம் பிடிக்காமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று அப்பா சொன்னார். படத்தில் முக்கியமான வசனம் வரும்போது இருமல் கேட்டால் அவர் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான், திட்டியதில்லை. ஆனால் நெஞ்சு வலிக்குதா, சாப்பிட்டியா என்று ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

ஒரு நாள் காலை பெரட்டு கலைந்ததும் கங்காணி எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"வீடியோக்காரரே, டிரஸர் சொல்லிவிட்டாரு. இந்தச் சனிக்கிழம டவுனுக்குப் போயி கட்டாயம் படம் எடுக்கணுமாம். வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போகணுமாம். சாக்குப்போக்குச் சொல்லாதன்னு கண்டிஷனா சொல்லச் சொன்னாரு."

அப்பா சிரித்தார். "அவரு படம் பாக்கிறதுக்கு நான் என்னாங்க சாக்குச் சொல்லப்போறேன்? எடுத்துருவோம்லா."

கங்காணி போனதும் அம்மா பக்கம் திரும்பினார். "உன்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்றாரு பாரு. போன வாரம் சண்டப் படம் போட்டு பொம்பளைங்க எல்லாம் தூங்கிட்டீங்க, அதான். வர்றியா? ஒனக்குப் பிடிச்சதா எடுத்துக்க."

அம்மா தம்பியை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள்.

"நான் எதுக்கு? புள்ளயத் தூக்கிக்கிட்டு லோரியில ஏறவா? நீங்களே போயி எடுத்துட்டு வாங்க. ஒங்களுக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும்."

அப்பா போனார். கேசட்டைச் சட்டைக்குள் வைத்து மழையில் நனையாமல் கொண்டுவந்தார். பாயிடம் சண்டை போட்டுப் புதுக் காப்பி வாங்கி வந்ததாகப் பெருமையாகச் சொன்னார். அன்று மாலையே ஓட்டிப் பார்த்தார். உண்மையிலேயே அவ்வளவு தெளிவான படத்தை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை டிரஸர் குடையை வாசலில் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் டெக்குக்குப் பக்கத்திலேயே தரையில் இருந்தேன். அவர் அப்பாவைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். குரலை ஏன் தாழ்த்தினார் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

"என்னய்யா, படம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சுங்கய்யா. நீங்க சொல்லி எடுக்காம இருப்பேனா?"

"எப்படி இருக்கு?"

"கிளியருங்கய்யா. ஒரு புள்ளி இல்ல, ஒரு கோடு இல்ல."

"அங்க என்னா சொன்னாங்க?"

"அங்கயும் கிளியர்னுதான் சொன்னாங்க. அவங்களே வச்சுப் பாத்துட்டுத்தான் கொடுத்தாங்க."

டிரஸர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகம் அப்படித் தெளிந்ததை நான் பார்த்தேன். "அப்பாடா. அப்ப பயமில்ல. மருந்த மட்டும் விடாம குடிக்கச் சொல்லு." அதைக் கேட்டு அப்பா தலையாட்டினார். ஆஸ்பத்திரிக்காரர், பேச்சோடு பேச்சாக மருந்தையும் விசாரிக்கிறார் என்று அவருக்கு எண்ணம். அந்த நேரம் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து டிரஸர் கையில் கொடுத்தாள். "இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டார். "தேவலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விளக்கை அணைத்தார்கள், படம் ஓட ஆரம்பித்தது.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை. எத்தனை தடவை நினைத்தாலும் இந்த இடத்தில் என் உதடும் கொஞ்சம் கோணும்.

மழை விடவில்லை. மார்கழி போயிற்று. டிரஸர் பார்க்கும்போதெல்லாம் மருந்து மாற்றிக் கொடுத்தார். படம் கிளியர் என்று அவர் காதால் கேட்டாயிற்றே, குளிர் இருமல்தான் என்று நிம்மதியாக இருந்தார். அம்மாவால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வர முடியவில்லை. நான் தூக்கினேன். கேமில் முட்டைகள் விழுந்து உடைந்துகொண்டே இருந்தன. "கண்ணு தெரியலடி" என்று சொல்லி அதை என் கையில் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் அதன் பொத்தான் பேட்டரி தீர்ந்தது. மாற்ற ஆளில்லாமல் எங்கேயோ தொலைந்தும் போனது.

பொங்கலன்று பகலிலும் கரண்ட் விட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் லயமே எங்கள் வீட்டில் கூடியிருந்தது. நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அடுப்படி வாசற்படியில் இருந்த அம்மா இருமினாள், அந்த இருமல் நிற்கவே இல்லை. யாரோ ஒரு அக்காள் அலறினாள். அம்மாவின் துண்டு முழுக்க ரத்தம். கன்னத்தில், கழுத்தில், தம்பியின் சட்டையில் எல்லாம் ரத்தம்.

டிரஸர் நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தார். அம்மாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார், தம்பியை என்னிடம் தூக்கிக் கொடுத்தார், பிறகு அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"கிளியர்னு சொன்னியேய்யா! கொண்டா அந்தப் படத்த, நான் பாக்கணும்!"

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் படங்கய்யா?"

"அன்னிக்கு டவுன்ல எடுத்தியே, அந்தப் படம்!"

"அத அப்பவே கடையில திருப்பிக் கொடுத்தாச்சுங்களேய்யா."

"எந்தக் கடையில?"

"பாய் கடையிலதான்."

டிரஸர் அப்பாவைப் பார்த்தார். பெட்டியில் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அதில் யாரோ விழுந்து எழுந்து கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை.

"நெஞ்சுப் படம்யா," என்றார் டிரஸர். கத்தவில்லை, அழுகிறவர் மாதிரிதான் சொன்னார். "எக்ஸ்ரே."

தோட்டத்துத் துரையின் ஜீப்பில் அம்மாவைக் கொண்டுபோனார்கள். ஏற்றும்போது அப்பா உள்ளே ஓடி, டெக்கின் மேலிருந்த கம்பளியை உருவி வந்து அவளுக்குப் போர்த்திவிட்டார். உருவிய வேகத்தில் டெக் ஓரம் இடித்துக் கீழே விழுந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஈப்போவில் பெரிய ஆஸ்பத்திரியில் அம்மா நெடுநாள் இருந்தாள். காசம். அதற்கு மலாய் நர்ஸ் சொன்ன 'பாத்தோக் கெரிங்' என்ற சொல் அங்கேதான் முதல்முறை எங்கள் காதில் விழுந்தது. எங்கள் எல்லோரையும் சோதித்தார்கள். தம்பிக்கும் மருந்து கொடுத்தார்கள், அவன் தேறிவிட்டான். அம்மாவுக்கு நுரையீரலில் ஒரு பக்கம் பாதிக்குமேல் போய்விட்டது. முன்பே வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா பிழைத்து வந்தாள். ஆனால் அதன் பிறகு மலை ஏறவில்லை, கொழுந்துக் கூடையைத் தொடவில்லை. பேசிக்கொண்டே நடந்தால் மூச்சு முட்டும். டிரஸர் அதற்கப்புறம் எந்தச் சேதியையும் யாரிடமும் சொல்லி அனுப்பியதில்லை. தலைவலி மாத்திரையைக்கூட வீட்டுக்கே கொண்டுவந்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போவார். கங்காணி எங்கள் வாசல் வழியாக நடப்பதை விட்டார். லயத்தில் எல்லோரும் 'எக்ஸ்ரே' என்று திருத்தமாகச் சொல்லப் பழகினார்கள். அந்த ஒரு இங்கிலீஷ் சொல் மட்டும் எங்கள் தோட்டத்தில் யார் வாயிலும் தவறாது.

அப்பா வேறு ஆளாக ஆனார். விழுந்த டெக்கைச் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். ஒரு படம், ஒரு பாட்டு, ஒன்றும் பார்க்கவில்லை. பிற்காலத்தில் நான் வாங்கிக் கொடுத்த கைப்பேசியில் அழைப்பு எடுப்பதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அவருடைய கவனமெல்லாம் அம்மா மேல் போயிற்று. விடியும்போதே எழுந்து வெந்நீர் வைப்பார். துணி துவைப்பார். அந்தக் காலத்தில் ஆண் ஒருவர் லயத்துக் குழாயில் சேலை அலசினால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் காதில் அது ஏறவில்லை. வேலைக்குப் புறப்படும் முன்னால், "பசியாறிட்டியா?" என்று கேட்டு அவள் ஆமாம் என்று சொன்ன பிறகுதான் சப்பாத்தில் காலை விடுவார்.

கொஞ்ச வருடம் முன்னால் அவர் இறந்தார். கடைசி நாட்களில் நினைவு வந்து வந்து போனது. ஒரு மாலை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய மன்னிச்சிட்டியா? படம்னு சொன்னா எந்தப் படம்னு கேக்கத் தெரியல பாரு எனக்கு. படிக்காத மடையன்" என்றார். அம்மா அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். "விடுங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க. மன்னிச்சு எத்தனையோ காலமாச்சு" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். இப்படி ஒரு மனசு யாருக்கு வரும் என்று நினைத்து அழுதேன்.

அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். கோலா தெர்லா போகிற சாலையில் எங்கள் வீடு. என் பழைய டேப்லட்டை எடுத்துக்கொண்டு மிட்டாய்களை வெடிக்க வைக்கிற கேமில் நாள் முழுக்கக் கிடக்கிறாள். நான் எட்டாத கட்டங்களை எல்லாம் எட்டிவிட்டாள். போன பள்ளி விடுமுறையின்போது அவளுக்கு நெஞ்சுச் சோதனை இருந்தது. பிரிஞ்சாங் கிளினிக்குக்குக் காலையிலேயே கூட்டிப்போனேன். அங்கே வேலை செய்கிற பெண் நம் பெண்தான், நேற்றுப் பள்ளி முடித்தவள் மாதிரி இருந்தாள். "வாங்கம்மா, படம் எடுத்துரலாம்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். இப்போதெல்லாம் பிலிம் கிடையாது, கழுவுவது கிடையாது. நின்றால் போதும், மறு நிமிடம் கணினியில் விலா எலும்பு வந்துவிடுகிறது. என் குணம் தெரியுமே, நெஞ்சை ஒட்டி வைக்கிற அந்தத் தகடு எங்கே செய்தது, எத்தனை புள்ளி என்றெல்லாம் அவளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

காரில் திரும்பும்போது கியா பார்மில் வழக்கமான நெரிசல். ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு முன்னால் வண்டிகள் அப்படியே நின்றன. அம்மா தனக்குத்தானே சிரித்தாள்.

"அந்தப் புள்ள படம் எடுத்துரலாம்னு சொன்னதும் ஒங்கப்பா ஞாபகம் வந்துருச்சு."

"சிரிக்கிற விஷயமாம்மா அது?"

"அன்னிக்குக் கங்காணி வாசல்ல நின்னு சொன்னப்பவே எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒங்கப்பா தொறந்த வாய மூடாம கேக்குறாரு, எனக்குப் பிடிச்ச படம் எடுக்கவான்னு."

எனக்கு அது புரிய ஒரு கணம் ஆனது. "அப்பவே ஒங்களுக்குத் தெரியுமா? எக்ஸ்ரேன்னு தெரியுமா?"

"தெரியாம? அதுக்கு முந்துன வாரமே டிரஸர் என்கிட்டயே சொல்லிட்டாருல்ல. இது சாதாரண இருமலாத் தெரியலம்மா, நெஞ்சப் படம் எடுத்துப் பாக்கணும்னு. எங்கூடக் கொழுந்து எடுத்தவ ஒருத்தி அப்படித்தான் படம் எடுக்கப் போனா. போனவள அங்கயே வச்சிக்கிட்டாங்க. திரும்பி வந்தா அவ புள்ள அவகிட்ட வரல, யாரோன்னு அழுவுது. நான் பாத்தேன்லா அத." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒன் தம்பி அப்ப பால் குடிக்கிறான். எந்திரிச்சு நடக்கட்டும், அப்புறமா போய்க்கலாம்னு நெனச்சேன். இவரா தப்பாப் புரிஞ்சிக்கிட்டு சந்தோஷமாக் கெளம்புறாரு. வாய மூடிக்கிட்டேன்."

"அவனுக்கும் ஒட்டிக்கிட்டுச்சேம்மா."

"ஆமா," என்றாள். "அது இன்னைக்கும் எனக்கு வலிதான்."

நான் ஸ்டியரிங்கை விட்டு அவள் பக்கம் திரும்பினேன். "அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே. அந்த மனுசன் சாகுறவரைக்கும் அது தான் செஞ்சதுன்னு..."

"சொல்லத்தான் இருந்தேன். ஈப்போவுக்கு மொத மொத பாக்க வந்தாரு. கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு பசியாறிட்டியான்னு கேட்டாரு. கல்யாணமாகி அன்னிக்குத்தான் அந்த வார்த்தைய அவரு வாயில கேக்குறேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். மறுநாளும் கேட்டாரு."

"சாகும்போது மன்னிச்சிட்டியான்னு கேட்டாரேம்மா. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல? நீங்க அவர மன்னிச்சேன்னு சொல்றீங்க!"

அம்மா கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சொல்லியிருந்தா, இத்தனை வருஷம் என்னயப் பாத்துக்கிட்டது எல்லாம் எதுக்குன்னு நெனச்சுக்கிட்டுல்ல போயிருப்பாரு," என்றாள்.

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. நம் வயதில் பெற்றவள் மேல் கோபம் வருவது அசிங்கம் என்று தெரியும். இருந்தும் வந்தது, இன்னும் போகவில்லை. அன்று ஆஸ்பத்திரிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளில்லையே, அப்பாவல்லவா? வீடு போய்ச் சேரும் வரை அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முடிவு செய்தேன். மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. அவள் மெல்ல இருமினாள். நான் அவள் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.